பாப்பாவின் முட்டை

கேள்வி:

அன்புள்ள அக்கா, நாங்கள் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். நான் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து செய்கிறேன். சனிக்கிழமைதான் சம்பளம். அத்தையோடு சேர்த்து ஐந்து பேர். பாப்பாவுக்கு 13 வயது, பையனுக்கு 8. இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள்.

ரேஷன் அரிசியில்தான் சோறு, இட்லி எல்லாம். மாதம் ரேஷன் துவரம் பருப்பு ஒரு கிலோ, கடையில் ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ. பருப்பு விலை ஏறியதிலிருந்து சாம்பாரைக் கொஞ்சம் தண்ணீராக விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் வளர வேண்டுமே என்று மாதம் 450 ரூபாய்க்குச் சத்துபானம், 250 ரூபாய்க்குப் பாதாம் வாங்குகிறோம். பிஸ்கட், பேக்கரி வாரம் 200 ரூபாய் ஆகிவிடுகிறது. எண்ணெய் நான்கு லிட்டர், பால் தினம் அரை லிட்டர், முட்டை வாரம் ஏழெட்டு, ஞாயிறு கறியோ மீனோ. காலையில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் இட்லி, அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் ராகிக் களி. நான் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன்.

பையன் பள்ளியில் காலை உணவும் சத்துணவும் சாப்பிடுவது அத்தைக்குப் பிடிக்கவில்லை, கௌரவக் குறைச்சல் என்கிறார். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி வருகிறது என்று எல்லோரும் சொல்வதால் தினமும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் உலை வைக்கிறேன். பாப்பா ரொம்பப் பொறுப்பானவள் அக்கா. முட்டை ஒன்று குறைந்தால் "தம்பிக்குக் கொடும்மா, எனக்கு வேண்டாம்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

இன்னும் எதைக் குறைக்கலாம், சத்துபானத்தை நிறுத்தினால் பிள்ளைகள் வளர்ச்சி பாதிக்குமா என்று சொல்லுங்கள். எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. 36 ஆகிறது, வயசாகுது போல. நாலு தடவை டீ குடித்தால்தான் வேலை ஓடுகிறது. சும்மா உட்கார்ந்தால் பச்சரிசி அள்ளி மெல்லும் பழக்கம் வேறு வந்துவிட்டது.

பெயர் வெளியிட வேண்டாம்,
திருப்பூர்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கணக்குக்காக. இரண்டாவது முறை, அதில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன மூன்று வரிகளுக்காக. அந்த மூன்று வரிகளுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சத்துபானத்தை நிறுத்தலாம். பிள்ளைகளின் வளர்ச்சி பாதிக்காது. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். எது அதிகமாக இருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். மால்ட்டும் சர்க்கரையும் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் வந்துவிடும். வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்திருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விலைக்கு உங்கள் வீட்டுக்கு அதைவிடத் தேவையானவை வாங்க முடியும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் இணையத்தில் விற்பவர்கள் இந்த மாதிரிப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. பிள்ளைகளுக்கு அந்தச் சுவை பழகியிருக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் முகம் சுருங்கும். இருக்கிற பாக்கெட் முடியும்வரை பாதி அளவு கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

அதற்குப் பதிலாக வீட்டிலேயே மாவு செய்யலாம். அரைக் கிலோ கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். பாசிப்பயறு 200 கிராம் வாசனை வர வறுத்தது, பொட்டுக்கடலை 200 கிராம். இந்த மூன்றையும் மில்லில் கொடுத்து அரைக்கலாம். நிலக்கடலை 100 கிராமை மட்டும் மில்லுக்குக் கொண்டு போகாதீர்கள். எண்ணெய் விட்டு மாவு அப்பிக்கொள்ளும், மில்காரரும் சத்தம் போடுவார். அதை வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றிப் பொடித்துக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். கறுத்த, சுருங்கிய, கசக்கிற கடலை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலை ஈரலுக்கு நல்லதில்லை. ஒரு கிலோ மாவு வரும். 30 கிராம் எடுத்தால் சுமார் நாலரை கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில் காய்ச்சினால் இன்னும் நான்கைந்து கிராம் சேரும். கேழ்வரகை முளைகட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. முளைவிடும்போது மாவுச்சத்து உடைய ஆரம்பிப்பதால் கஞ்சி கெட்டிப்படாது. அதே டம்ளரில் அதிக மாவு கரையும், பிள்ளையும் முகம் சுளிக்காமல் குடிக்கும். கொஞ்சம் வெல்லம் போடுங்கள், ஏலக்காய் ஒன்று. மாவு மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், கடலை சேர்ந்திருப்பதால் சிக்கு வாடை வந்துவிடும்.

பாதாம் நல்ல பொருள்தான். ஆனால் ஊறவைத்த ஐந்து பாதாமின் எடை ஐந்தாறு கிராம், அதில் புரதம் ஒரு கிராமைத்தான் கொஞ்சம் தாண்டும். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழு கிராம் இருக்கிறது. நிலக்கடலை விளைகிற கொங்கு நாட்டில் இருந்துகொண்டு பாதாமுக்காக நீங்கள் மனம் வருந்துவதைப் பார்த்தால் எனக்குத்தான் வருத்தமாக இருக்கிறது.

இப்போது பருப்புக்கு வருவோம். உங்கள் வீட்டுக் கணக்கில் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது. துவரை இரண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ. மூன்று கிலோவை ஐந்து பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளைக்கு 20 கிராம். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரண்டாயிரம் கலோரி தேவைப்படுகிறவருக்குப் போடுகிற ஒரு நாள் தட்டில் பருப்பு, பயறுக்கு 85 கிராம், அதில் ஒரு பகுதி முட்டையாகவோ கறியாகவோ இருக்கலாம். நீங்கள் நாலில் ஒரு பங்கில் நிற்கிறீர்கள். சாம்பாரில் தண்ணீர் சேர்த்ததும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. நீங்கள் சேமித்த எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் தவறான இடம். பிஸ்கட்டில் குறைத்திருக்கலாம், பருப்பில் குறைத்திருக்கக் கூடாது.

அந்த நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருந்தாலும் பிறந்தது நம் பக்கத்துக் குன்னூரில்தான். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய அங்கே ஆரம்பித்த சிறிய ஆய்வுக்கூடம் அது. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு பி1 வைட்டமின் இல்லாமல் வந்த நோய் பெரிபெரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'ரேஷன் அரிசியில்தான் சோறு' என்று நீங்கள் எழுதியிருந்த விதத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. அந்தப் புழுங்கலரிசியைப் பற்றிக் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியை ஒட்டிய பி வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் பச்சரிசியைப் போல முழுதாகப் போவதில்லை. விலை கொடுத்து வாங்கும் பளபளப்பான பச்சரிசியைவிட உங்கள் வீட்டு அரிசி இந்த விஷயத்தில் மேல்.

அந்தப் 'பிளாஸ்டிக் அரிசி'யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கையே, தயவுசெய்து இனிமேல் அதைப் பொறுக்கி எறியாதீர்கள். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்தில் அச்சுப் போட்டு எடுத்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்பார்கள். நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2023-ல் இந்த அரிசி பரவலாக வர ஆரம்பித்தது. நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சில நேரம் தண்ணீரில் மிதக்கும், அதனால்தான் சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட்டது உங்கள் தவறில்லை, கொடுக்கும்போதே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன பாருங்கள். உங்கள் வீட்டுக்கு இலவசமாக வந்த இரும்புச்சத்தை நீங்களே உங்கள் கையால் தினமும் பொறுக்கி வெளியே போட்டிருக்கிறீர்கள். இனி அரிசியை இரண்டு தண்ணீர் மட்டும் கழுவுங்கள், தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம். கஞ்சியை வடித்தால் சாக்கடையில் ஊற்றாமல் ரசத்துக்கோ குழம்புக்கோ சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தாலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, பருப்புக்குப் பணம்? உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. சத்துபானம் 450, பாதாம் 250. பேக்கரியை முழுதாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அப்பா கையில் ஒரு பொட்டலத்தோடு வருவதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவதும் இருக்க வேண்டியதுதான். வாரம் 200-ஐ 100 ஆக்குங்கள் போதும், மாதம் 400 மிஞ்சும். மொத்தம் 1,100 ரூபாய். இதில் கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை தலா ஒரு கிலோ, நிலக்கடலை இரண்டு கிலோ, கேழ்வரகு இரண்டு கிலோ, கூடுதலாக முப்பது முட்டை. என் கணக்குக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. உங்கள் கடை விலையில் ஐம்பது நூறு முன்பின் இருக்கலாம். இப்போது ஆளுக்கு 20 கிராமாக இருந்த பருப்பு, பயறு 47 கிராம் ஆகிவிடும். கடலை தனி. 85-ஐத் தொடவில்லைதான். முட்டையும் பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் இருக்கிறதே, அது அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும்.

துவரை ஒன்றையே பிடித்துக்கொண்டு அதன் விலை ஏறும்போதெல்லாம் தவிக்க வேண்டாம். புரதக் கணக்கில் கொள்ளும் அதற்கு இணைதான், விலை பெரும்பாலும் குறைவு. செய்முறை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அத்தைக்குத் தெரியாத கொள்ளா? வேகவைத்த தண்ணீரில் ரசம், கடைந்த பருப்பைச் சோற்றுக்கு, மேலே தயிர். ஒரு வேகவைப்பில் இரண்டு நேரம் ஓடும். தட்டைப்பயறைக் கத்தரிக்காயோடு குழம்பு வையுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்துவிட்டால் குக்கரில் நாலைந்து விசிலில் வெந்துவிடும், சிலிண்டரும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வரும். அரிசி பருப்புச் சாதம் செய்கிற நாளில் பருப்பை ஒரு பிடி தாராளமாகப் போட்டு, எலுமிச்சை ஊறுகாயும் தயிரும் வைத்தால் வேறு குழம்பே தேவையில்லை.

காய்க்கு உழவர் சந்தை. விடியற்காலையில் போனால் நல்ல காய், கடை கட்டுகிற நேரத்தில் போனால் விலை. கீரை மட்டும் காலையிலேயே வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் முருங்கை மரம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. அந்தக் கீரையில் இருக்கும் கால்சியத்தைப் பணம் கொடுத்து வாங்கப் போனால்தான் அதன் மதிப்பு தெரியும். எண்ணெய் அளவு உங்கள் வீட்டில் சரியாக இருக்கிறது, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். பலகாரம் சுட்ட எண்ணெயை மட்டும் திரும்பத் திரும்பக் காயவைக்காதீர்கள். சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிச் சுட்டு, மிஞ்சியதை மறுநாள் தாளிப்போடு முடித்துவிடுங்கள்.

பையன் பள்ளியில் சாப்பிடட்டும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். காமராஜர் 1956-ல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டு வந்தார், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார், 2022-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக இந்த மாநிலத்தில் படித்து மேலே வந்த லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள்தான். நானும் சாப்பிட்டிருக்கிறேன். அது நம் எல்லோருடைய வரிப்பணத்தில் வருகிற சோறு, பிள்ளையின் உரிமை. மதியம் அங்கே முட்டையும் கிடைக்கிறது. பாப்பாவும் அங்கே சாப்பிடலாம், பத்தாம் வகுப்புவரை உண்டு. சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். 13 வயதில் தோழிகள் என்ன சொல்வார்களோ என்று தயங்கிப் பட்டினி கிடக்கும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அத்தைக்கு ஒரு வார்த்தை. களி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைத்துப் பெரிய உருண்டையாகச் சாப்பிட வேண்டாம். கேழ்வரகும் மாவுச்சத்துதான், கஞ்சியாகக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். சின்ன உருண்டையும் நிறையக் கீரையும் கொள்ளுப் பருப்புமாக இருக்கட்டும். சர்க்கரை மாத்திரைக்கு அலைகிறார் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

இனி அந்த மூன்று வரிகள்.

"நான் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன்." வீட்டில் ஐந்து பேர். நான்கு பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாவது ஆளுக்குப் பட்டியலே இல்லை. சாம்பார் பாத்திரத்தில் பருப்பு அடியில் தங்கும். மற்றவர்களுக்குக் கரண்டியை அடிவரை விட்டு ஊற்றுவீர்கள், எனக்குத் தெரியும். கடைசியில் உங்கள் சோற்றுக்கு வருவது மஞ்சள் தண்ணீர். என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார். கோபிப் பக்கம், பெரிய குடும்பம். எல்லோரும் கை கழுவிய பிறகு சட்டி அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி, மோர் ஊற்றி, அடுப்பங்கரையில் நின்றுகொண்டே குடிப்பார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் கல்லூரியில் உணவியல் சேர்ந்த வருடம், செய்முறை வகுப்புக்காக வீட்டில் எல்லோருடைய சாப்பாட்டையும் அளந்து எழுதினேன். அம்மாவுடைய பக்கத்தில் பருப்பு என்ற இடத்தில் எழுத எண்ணே கிடைக்கவில்லை. அந்த வருடமே அவருக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் ஆறு. அதுவரை அவரும் 'வயசாகுது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் உங்கள் இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, அதோடு பச்சரிசி மெல்லத் தோன்றுவது. 36 வயது மூச்சு வாங்குகிற வயதில்லை. பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ்கட்டி இப்படி எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். அதைப் பழக்கம் என்று நினைத்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், உடம்பு கேட்கிற விதம் அது. இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்ததும் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. உங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு வீட்டில் ஒரு பெண் உங்களைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். காசு வாங்க மாட்டார்கள். 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, எட்டுக்குக் கீழே போயிருந்தால் கடுமையானது. மாதவிலக்கு அதிக நாள் நீடிக்கிறதா, துணி அதிகம் மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலருக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். குறைவு என்று வந்துவிட்டால் கீரை சாப்பிட்டே ஏற்றிவிடலாம் என்று உட்காராதீர்கள். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், உங்கள் வீட்டுக்காரருக்கு 19 போதும். குறைந்துபோன இருப்பை நிரப்ப மாத்திரை வேண்டும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வயிற்றுப் புரட்டலும் வரும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. நாலை இரண்டாக்குங்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் மட்டும் வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். டீயிலுள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் நேர்மாறாக, சேர உதவும். கொள்ளு ரசத்தில் அரை மூடி எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழி ஈரலோ, கிடைத்தால் ஆட்டுச் சுவரொட்டியோ (மண்ணீரல்) நூறு கிராம் தனியாக வாங்குங்கள், கறியைவிட ஈரல் விலை குறைவு. அதை வதக்கி எடுத்ததும் பங்கு பிரிக்கும்போது உங்கள் பங்கும் பாப்பா பங்கும் முதலில்.

மூன்றாவது வரி அவளுடையது. "தம்பிக்குக் கொடும்மா, எனக்கு வேண்டாம்." நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், அவள் நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கணக்கைப் பாருங்கள். 8 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம் புரதம், 15 மில்லிகிராம் இரும்புச்சத்து. 13 வயதுப் பெண்ணுக்கு 43 கிராம் புரதம், 30 மில்லிகிராம் இரும்பு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவள் உயரம் வளர்கிற கடைசிச் சில வருடங்கள் இவை, மாதவிலக்கும் தொடங்கும் வயது. முட்டை ஒன்று குறைந்தால் அது அவளிடமிருந்து குறையக் கூடாது. பையன் மதியம் பள்ளியில் ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறான். அவன் ஒரு நாள் முட்டையில்லாமல் தூங்கினால் ஒன்றும் ஆகாது.

அவளுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். ஆகவே அவளைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் உங்கள் தட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. குழம்பு கொதித்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பு, அடிக்கரண்டியாக இரண்டு கரண்டி ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். உங்களுக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. முட்டை வேகவைத்தால் தலையை எண்ணி வேகவையுங்கள். ஐந்து வாங்க முடியாத நாளில் மூன்று முட்டையை அடித்து வெங்காயம் போட்டுப் பொரித்து ஐந்தாகப் பிரியுங்கள், முழு முட்டையாக வைத்தால்தானே யாருக்கு இல்லை என்ற பேச்சு வருகிறது. இரவிலாவது எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். வீட்டுக்காரர் ஓவர்டைம் முடிந்து வர ஒன்பது பத்து ஆகலாம், அந்த நாட்களில் அவருக்கு எடுத்து மூடி வைத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு சாப்பிட்டுவிடுங்கள்.

அத்தை ஏதாவது சொல்லலாம். அவரும் ஐம்பது வருடம் கடைசியில் சாப்பிட்டவர்தான், அவருக்கு அது பழக்கமாகிப் போயிருக்கும். சண்டை வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், காகிதத்தில் இருந்தால் நம்புவார்கள். வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுங்கள். தன் சம்பளத்தில் மனைவியின் தட்டு காலியாக இருக்கிறது என்று தெரிந்து சும்மா இருக்கும் ஆள் இல்லை அவர், வாரா வாரம் பொட்டலத்தோடு வருகிறவர்.

பாப்பாவுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்று ஒரு தடவை பையைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் இருவரும் விடக் கூடாது. நீங்கள் சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கும் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இரண்டு எண்ணையும் தேதி போட்டு ரேஷன் கார்டுக்குள் எழுதி வையுங்கள், தொலையாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்துவிட்டு, நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா